அந்த மூன்று வாரத்துக்குத் தோல் யார் தருவது?

சாலைக் கடைத்தெரு அண்ணாச்சிமார்களுக்கும், கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் குடியிருக்கும் மாமா மாமிகளுக்கும், கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஆட்டோ ஓட்டும் தம்பிகளுக்கும் வணக்கம்.

2025 ஜூலையில் நம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் தோல் வங்கி திறந்தார்கள். கேரளத்தில் அதுதான் முதலாவது. அன்றிலிருந்து கல்யாண வீடு, சங்கக் கூட்டம் என்று பார்க்காமல் தோல் தானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று உங்களில் பாதிப்பேருக்குச் சலிப்பு. தெரியும். சென்ற கூட்டத்தில் ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி எழுந்து, "லேபுலேயே தோல வளத்து எடுக்கானாமே, பேப்பர்ல போட்டிருந்தான். பொறவு செத்தவன் தோலு எதுக்குக்கா கேக்கிய?" என்றார். கூட்டம் சிரித்தது. கேட்டது நல்ல கேள்வி. மைக்கைப் பிடித்து இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வியும்கூட. அதனால்தான் இந்த மடல்.

பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் நடிகை மூக்கு உங்களுக்கு ஞாபகம் வரும். எங்களிடம் வந்ததெல்லாம் பஸ் சக்கரம் ஏறிய காலும், குக்கர் வெடித்த முகமும், கொதிக்கும் சாம்பார் கொட்டிய பிள்ளைகளும்தான்.

பஸ் சக்கரம் என்றால் நம் ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிழக்கேகோட்டையில் 104 மீட்டர் நீளத்துக்கு நடைமேம்பாலம் கட்டி 2022-ல் திறந்தார்கள். மேலே ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறோம். ரோட்டைக் கடக்கும்போது பழையபடி இரண்டு பஸ்களுக்கு நடுவேதான் நுழைகிறோம். சக்கரம் காலில் ஏறும்போது எலும்பு சில சமயம் தப்பித்துவிடும். தோல் தப்பாது. டயர் உருளுகிற வாக்கில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் தோல் சதையைவிட்டு மொத்தமாக உரிந்து சுருண்டுவிடும். 2023-ல் மட்டும் கேரளச் சாலைகளில் நான்காயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கணக்கு பேப்பரில் வரும். தோல் போய்ப் பிழைத்துக் கிடப்பவர்களின் கணக்கு வருவதில்லை.

ஆட்டோத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடும். அப்படி உரிந்த தோல் தனியாக வந்துவிட்டால் ரோட்டோரம் விட்டுவிட்டு வராதீர்கள். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, அதில் தோலைச் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ்மேல் வைத்துக் கொண்டுவாருங்கள். ஐஸ் நேரடியாகத் தோலில் படக்கூடாது. அதிகம் நசுங்காத தோலாக இருந்தால், அடியில் ஒட்டியிருக்கும் கொழுப்பை வழித்துவிட்டு அதையே திரும்ப வைத்துத் தைக்க முடியும். கூழாகிப்போயிருந்தால் டாக்டர் வேண்டாம் என்பார். அதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.

இனி அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

தோல் போன இடத்தை அப்படியே விட்டால் என்ன? உடம்பின் நீரும் புரதமும் அந்த வழியாக வடிந்துகொண்டே இருக்கும். உடம்புச் சூடு நிற்காது. கிருமிக்குக் கதவு திறந்த வீடு. பெரிய தீக்காயத்தில் முதல் இரண்டு நாளைத் தாண்டியவர்களைப் பெரும்பாலும் கொல்வது நெருப்பல்ல, பிறகு வருகிற கிருமித் தொற்று. ஆகவே புண்ணை எப்படியாவது மூட வேண்டும், சீக்கிரம் மூட வேண்டும். தியேட்டரில் எங்கள் வேலை முழுக்க இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

மூடுவதற்கு எல்லாவற்றையும்விட நல்ல பொருள் நோயாளியின் சொந்தத் தோல். பெரும்பாலும் தொடையில் எடுப்போம். தொடையில் பாரஃபின் எண்ணெய் தடவி, இரண்டு பக்கமும் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்வோம். டெர்மடோம் என்று ஒரு கருவி, மின்சாரத்தில் ஓடும். டாக்டர் அதை ஒரே சீராகத் தள்ளிக்கொண்டு போக, பின்னாலேயே தோல் தாளாக எழும்பி வரும். கனம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். அதை இன்னொரு கருவியில் கொடுத்துச் சுற்றினால் சிறு சிறு வெட்டு விழுந்து வலையாக விரியும். ஒரு பங்கு தோல் ஒன்றரைப் பங்கு இடத்தை மூடும், தேவைப்பட்டால் மூன்று பங்கு. புண்ணில் வைத்து ஸ்டேப்பிள் அடித்துக் கட்டிவிடுவோம். முதல் இரண்டு நாள் அந்தத் தோல் புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடிருக்கும். அதன் பிறகு அடியிலிருந்து ரத்தக்குழாய்கள் வந்து சேரும். ஐந்தாம் நாள் கட்டைப் பிரிக்கும்போது தோல் இளஞ்சிவப்பாக இருந்தால் வார்டு முழுக்கச் சொல்லிவிடுவோம், "கிராஃப்ட் பிடிச்சிருக்கு" என்று. நோயாளிக்கு அந்தச் சந்தோஷம் எட்டாது. புண் வலியைவிடத் தோல் எடுத்த தொடை வலிதான் அவருக்குப் பெரிது. "இருந்த நல்ல காலையும் கெடுத்துட்டீங்களே" என்று திட்டு வாங்காத நர்ஸ் அந்த வார்டில் கிடையாது.

தொடைப்புண் பத்துப் பதினான்கு நாளில் ஆறும்; ஆறியபின் அங்கேயே திரும்ப எடுக்கலாம். ஆனால் உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவருக்கு எங்கே எடுப்பது? லேபில் தோல் வளர்க்கும் யோசனைக்கு அவசியம் வந்தது இவர்களால்தான்.

அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்ட் என்ற இருவர் 1975-ல் மனித மேல்தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் தொடர்ந்து பெருக்கும் வழியைக் கண்டார்கள். அதற்குக் கீழே எலிச் செல்களின் படுக்கை ஒன்று போட்டார்கள். அது இல்லாமல் மனிதச் செல் ஒழுங்காக வளரவில்லை. 1983-ல் இரண்டு சிறுவர்கள், அண்ணன் தம்பி, ஆறு வயதும் ஐந்து வயதும். உடம்பில் 97 சதவீதத்துக்குக் குறையாமல் வெந்து பாஸ்டனுக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் அது பிழைக்கிற கணக்கே இல்லை. அக்குளில் தப்பியிருந்த இடத்திலிருந்து இரண்டு சதுர சென்டிமீட்டர் தோல், ஒரு தபால்தலைக்கும் குறைவு, வெட்டி எடுத்து வளர்த்து, ஆளுக்கு ஏறக்குறைய பாதி உடம்பை அந்தத் தோலாலேயே மூடினார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். 2015-ல் ஜெர்மனியில் போஹும் என்ற நகரத்தில் சிரியாவிலிருந்து வந்த ஏழு வயதுப் பையன் ஒருவனுக்குப் பிறவித் தோல் நோயால் மேல்தோலில் பெரும்பகுதி கழன்றுவிட்டது. இத்தாலியில் மிக்கேலே டி லூக்கா குழுவினர் அவனுடைய செல்லில் இருந்த மரபணுக் கோளாறைச் சரிசெய்து, வளர்த்து அனுப்பினார்கள். அவன் உடம்பில் 80 சதவீதத்துக்குப் புதுத் தோல் வந்தது. பேப்பரில் போட்டது பொய்யில்லை, அண்ணாச்சி.

பேப்பர் போடாதது சில உண்டு. அந்தத் தோல் வளர மூன்று வாரம், நான்கு வாரம் ஆகும். வளர்ந்து வருவதும் மேல்தோல் மட்டும். சில அடுக்குச் செல்கள்தான். அடித்தோல் கிடையாது. தோலுக்கு வலுவும் இழுவையும் தருவது அடித்தோல். அது இல்லாததால் லேப் தோல் லேசாக உரசினாலும் கொப்புளம் கட்டும், கிருமி பட்டால் கரைந்துபோகும். மயிர்க்கால் இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை. நம் ஊர் மேட மாத வெயிலில் வியர்க்காத உடம்போடு இருப்பது என்னவென்று யோசித்துப்பாருங்கள். செலவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 1986-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குவோனோ என்ற டாக்டரின் குழு செய்தது. வெந்த இடத்தைச் சுரண்டி எடுத்ததும் இறந்தவர் ஒருவரின் தோலை அதன்மேல் வைத்தார்கள். லேப் தோல் தயாரானதும், வைத்த தோலின் மேல் அடுக்கை மட்டும் சீவிவிட்டு, மிச்சமிருந்த அடித்தோலின்மேல் லேப் தோலைப் பரப்பினார்கள். நன்றாகப் பிடித்தது. வெறும் சதையில் பிடிக்க மறுக்கிற லேப் தோல், இறந்தவர் விட்டுப்போன அடித்தோலில் வேர்கொண்டது. ஆகவே, "லேப் தோல் வந்தாச்சே, செத்தவன் தோல் எதுக்கு?" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: லேப் தோல் வளர்கிற அந்த மூன்று வாரமும் புண்ணை மூடி ஆளை உயிரோடு வைத்திருக்கவும் அதுதான் வேண்டும், லேப் தோல் வந்து இறங்க இடமும் பல நேரம் அதுதான். ஆஸ்திரேலியாவில் ஃபியோனா வுட் என்ற அம்மாள், செல்களைத் தாளாக வளர்க்காமல் நீரில் கலந்து புண்மேல் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2002 பாலித் தீவு குண்டுவெடிப்பில் வெந்தவர்கள் பெர்த் நகருக்கு வந்தபோது அவருக்கு உலகப் பெயர் கிடைத்தது. நாள் மிச்சம்தான். ஆழமான புண்ணில் அதற்கும் கீழே ஒரு தளம் வேண்டியிருக்கிறது.

அடுத்தவர் தோல் நிரந்தரமாக ஒட்டாதா என்பீர்கள். ஒட்டாது. இரண்டாம் உலகப் போரில் வெந்தவர்களுக்கு அடுத்தவர் தோலை வைத்துப் பார்த்துத்தான் பீட்டர் மெடவார் இதை ஆராய ஆரம்பித்தார். முதல் முறை வைத்ததை உடம்பு மெதுவாகத் தள்ளியது. அதே ஆளின் தோலை இரண்டாம் முறை வைத்தபோது வேகமாகத் தள்ளியது. உடம்புக்கு அந்நியனை ஞாபகம் வைத்திருக்கத் தெரியும் என்று அதில் தெரிந்தது. அந்நியனை ஏற்றுக்கொள்ள உடம்பைப் பழக்கவும் முடியும் என்று பின்னால் காட்டியதற்கு 1960-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. கிட்னி மாற்று வைத்தியமெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. தானத் தோல் இரண்டு மூன்று வாரம் இருக்கும், பிறகு உரியும். நமக்கு வேண்டியதும் அந்த இரண்டு மூன்று வாரம்தான். ரத்த குரூப் பொருந்த வேண்டியதில்லை. ஆண் தோல் பெண்ணுக்கு ஆகும், கறுப்புத் தோல் சிவப்புக்கு ஆகும்.

நம் ஊர்க்காரர்கள் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் பாஸ்டன் கதை தெரிந்த அளவுக்குப் பூஜப்புரைக் கதை நமக்குத் தெரியாது. ஸ்ரீசித்திரா இன்ஸ்டிட்யூட்டின் ஆராய்ச்சிப் பிரிவு பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனையில் இருக்கிறது. நம் ஆட்கள் பலர் அந்த மதிலைத் தாண்டித் தினம் போய்வருகிறார்கள். இன்ஸ்டிட்யூட்டை நடத்திய வலியத்தான் டாக்டர் காலத்தில் இந்தியாவின் சொந்த இதய வால்வு உருவானது அங்கேதான். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். அதே இடத்தில் அனில்குமார் என்ற விஞ்ஞானியின் குழு, பன்றியின் பித்தப்பையை எடுத்து அதிலுள்ள செல்களையெல்லாம் கழுவி நீக்கி, மிஞ்சும் சவ்வைப் புண்ணுக்கு வைக்கும் பொருளாக ஆக்கியது. பெயர் கோலிடெர்ம். அவரைக்கொடிக்குப் பந்தல்போல நம் உடம்பின் செல்கள் அதைப் பற்றிக்கொண்டு படர்கின்றன. எலி, முயல், நாய் மூன்றிலும் வைத்துப் பார்த்ததில், கடைகளில் இருக்கும் அதே வகைப் பொருள்களைவிடப் புண் சீக்கிரம் ஆறியது, தழும்பும் குறைவு. 2017-ல் அலிகார்ன் மெடிக்கல் என்ற கம்பெனிக்குத் தயாரிக்கும் உரிமை போனது. 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி கிடைத்த செய்தி வந்தது. பத்தாயிரம் ரூபாய் ஆகிற இடத்தில் இரண்டாயிரத்தில் முடியலாம் என்று அப்போது அரசு சொன்னது.

இது லேபில் வளர்ந்த தோல் இல்லை, உயிருள்ள செல் இதில் கிடையாது. இதையும் 'செயற்கைத் தோல்' என்று யாராவது தலைப்புப் போட்டால் நம்பாதீர்கள். பன்றி என்றதும் மணக்காட்டு பாய்மார்களும் வலியசாலை மாமிகளும் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. பன்றி வால்வை இதயத்தில் வைக்கும் வைத்தியம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. வைத்துக்கொண்டவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. சந்தேகம் இருந்தால் அவரவர் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நான் சங்கத்திடம் கேட்பது வேறு. ரோட்டில் பள்ளம் விழுந்தாலும் ஓடை அடைத்தாலும் மனு எழுதத் தெரிந்த சங்கம் நம்முடையது. நம் ஊரில் பிறந்த பொருள் நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ஏழைக்கும் கிடைக்கிறதா என்று ஒரு மனு எழுதினால் என்ன?

நம் நாட்டுக்காரர் இன்னொருவர், மும்பையில் மாதுரி கோரே என்றொரு டாக்டர். தீக்காயத்துக்குக் கட்டுப்போட வாழை இலையைப் பயன்படுத்திப் பார்த்தவர். இலையின் மெழுகுப் பக்கம் புண்ணில் ஒட்டாது, பிரிக்கும்போது நோயாளி கத்தமாட்டார், விலையும் சொற்பம். 2003-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். சாலைக் கடைத்தெருவில் வாழை இலைக் கட்டு விற்கும் அண்ணாச்சிகள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்; ஆனால் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், அவர்கள் கிருமி நீக்கி வைக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. இலையில் இவ்வளவு நம்பிக்கை வைத்த அதே டாக்டர்தான், 2000-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் நாட்டின் முதல் தோல் வங்கி வரவும் காரணமாக இருந்தார். ஆழமான புண்ணுக்கு இலை போதாது, மனிதத் தோல் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டிலும் கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியில் ரோட்டரிக்காரர்கள் உதவியோடு தோல் வங்கி நடக்கிறது.

இனி உங்கள் பயம். கண்ணைக் கொடுக்கச் சம்மதிக்கிற வீடுகள்கூடத் தோல் என்றதும் பின்வாங்குகின்றன. ஆட்டுக்கடையில் தொங்குகிற உரித்த ஆடுதான் மனசில் வருகிறது, இல்லையா? நடப்பதைச் சொல்கிறேன். முகம், கழுத்து, கை, மார்பு எதையும் தொடமாட்டார்கள். தொடை, கால், முதுகு அவ்வளவுதான். எடுப்பது நான் மேலே சொன்ன அதே தாள் கனம். உரிப்பது இல்லை, சீவுவது. ரத்தம் ஓடாது. முக்கால் மணி நேரத்தில் முடித்து, கட்டுப்போட்டு, வேட்டியோ சேலையோ உடுத்தித் தருவார்கள். குளிப்பாட்டலாம், கோடி போடலாம், வாய்க்கரிசி போடலாம், தைக்காடு மயானத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கம் குறைந்த உடம்பைச் சிதையில் வைக்கக்கூடாதே என்று ஒரு மாமா வருத்தப்பட்டார். அங்கம் எதுவும் குறையவில்லை, மாமா. அப்படியே குறைந்தாலும், புறாவுக்காகத் தன் தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்த சிபியைச் சோழர்கள் தங்கள் முன்னோன் என்று மார்தட்டிக்கொண்டார்கள். சாத்திரம் அவனை எந்த நரகத்துக்கும் அனுப்பவில்லை.

பதினெட்டு வயது தாண்டிய யாரும் தரலாம், மேல் வயது வரம்பு கிடையாது. சர்க்கரை, பிரஷர் இருந்தாலும் தரலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி, தோல் புற்று, உடம்பு முழுக்கப் பரவிய தொற்று இருந்தவர்களிடம் எடுக்கமாட்டார்கள். எடுத்ததைக் கிளிசரினில் பதப்படுத்திக் குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்து வருஷம் வரை இருக்கும். இன்றைக்கு நம் வீட்டில் போனவர் தந்தது, மூன்று வருஷம் கழித்து ஆற்றுக்கால் பொங்காலை அன்று அடுப்பில் சேலை தீப்பற்றிய யாரோ ஒருத்திக்கு ஆகலாம்.

பொங்காலை என்றதும் இதையும் சொல்லவேண்டும். அன்று கிழக்கேகோட்டை முழுக்கச் செங்கல் அடுப்பு, காய்ந்த தென்னம்பாளை, புகையில் கண் தெரியாது, நடக்க இடமில்லை. நைலக்ஸ், பாலியஸ்டர் கட்டிக்கொண்டு அடுப்பு முன் உட்காராதீர்கள். உருகி உடம்போடு ஒட்டும், தோலோடுதான் வரும். பருத்தி கட்டுங்கள். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் இருக்கட்டும். எங்கே சுட்டாலும் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஐஸ் வேண்டாம். இட்லி மாவு, பற்பசை, மஞ்சள், இங்க், நெய் எதுவும் கூடாது. ஒரு குழந்தைக்கு மாவு காய்ந்து ஒட்டிய புண்ணைச் சுரண்டிக் கழுவியிருக்கிறேன். குழந்தை கத்தியது மாவுக்காக, சூட்டுக்காக இல்லை. இருபது நிமிடத் தண்ணீரால் ஆழமாக இறங்காமல் நின்றுபோன புண்ணுக்குக் கிராஃப்டே வேண்டியிராது. லேபும் வேண்டாம், வங்கியும் வேண்டாம்.

கடைசியாக, செய்ய வேண்டியது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தோல் எடுத்தாக வேண்டும். அழுது முடித்து, சென்னையிலிருந்து மகன் வந்து, நாகர்கோவிலிலிருந்து சம்பந்தி வந்து, பிறகு யோசிப்பதற்கு அதில் நேரமில்லை. நீங்கள் உயிரோடு எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்தாலும், அந்த நேரத்தில் வீட்டார் வேண்டாம் என்றால் யாரும் எடுக்கமாட்டார்கள். ஆகவே படிவத்தைவிட முக்கியம், இரவு சாப்பிடும்போது பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிவைப்பது. மெடிக்கல் காலேஜ் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு ஒருநாள் போன் செய்து, யாரைக் கூப்பிட வேண்டும், வீட்டுக்கு வருவார்களா அல்லது உடலை அங்கே கொண்டுபோக வேண்டுமா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிகிச்சைச் சீட்டுகளும், அந்த நேரத்தில் டாக்டர் தரும் இறப்புச் சான்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். உயிர் போனதும் தகவல் சொல்ல ஒருவரை வீட்டில் முன்கூட்டியே நியமியுங்கள். துக்க வீட்டில் காப்பிக்குப் பால் வாங்க யார் போவது என்று தீர்மானிக்கிற ஆள் ஒருவர் எப்போதும் இருப்பாரே, அவராக இருந்தால் உத்தமம்.

இப்படிக்கு,
கோட்டைக்குள்ளிருந்து,
உங்கள் நர்ஸ் அக்கா